சிங்கத்துக்கும் சகலைக்கும் நடுவே

சிங்கம் என்பது கரண்ட் பில் மாதிரி என்று நான் நம்பினேன். நாள் கூடக்கூட ஏறும். ஆப்பிரிக்கக் காட்டில் முதல் நாள் ஒரு சிங்கம் நம்மைப் பார்க்கும், பார்த்துவிட்டுச் சும்மா போகும். மறுநாள் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்கும். அதற்கு மேலும் தங்குகிறவனை, 'இவன் போகிற வழியாகத் தெரியவில்லை' என்று சாப்பிட்டுவிடும். ஐம்பதைத் தாண்டியவன், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், ஊரில் பாதிப் பேருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன், இதைப் போய் நம்பினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவி நம்புவாள்.

என்னை அந்தக் கண்டம் வரை இழுத்துப்போனவர் என் சகலை, என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், 'அப்பிடி இல்லப்பா' என்று என் பேனாவைப் பிடுங்கி வேறு மாதிரி எழுதுவார். சகலை என்றே இருக்கட்டும்.

சகலையின் வலது கை எப்போதும் கொஞ்சம் நீண்டபடியே இருக்கும். யாராவது எங்காவது எதையாவது செய்துகொண்டிருந்தால் போதும், அந்தக் கை அங்கே போய் நிற்கும். பின்னாலேயே குரல் வரும்: "அப்பிடி இல்லப்பா. இங்க குடு."

டீ ஆற்றுகிறவர், டயர் கழற்றுகிறவர், பூக்கட்டுகிற அம்மா, பந்திக்குச் சாம்பார் ஊற்றுகிற பையன் யாரும் தப்பியதில்லை. முடிவெட்டும் கடைக்குப் போய்வந்தால் அவர் முகத்தின் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும். பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் பக்கம் அவரே சவரம் செய்துகொண்டது. டீக்கடைக்காரர் கெட்டிக்காரர். சகலைக்கென்றே ஒரு குவளையில் வெந்நீர் வைத்திருப்பார். சகலை அதை வானத்துக்கும் பூமிக்கும் ஆற்றிக்கொண்டிருப்பார். கடை அது பாட்டுக்கு நடக்கும்.

இத்தனை வேலையும் அவருக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. அதுதான் விசேஷம்.

அவர் சொந்தத் தொழில் உப்பு. எங்கள் ஊர் உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். உப்பு விளைய வெயில் வேண்டும், காற்று வேண்டும், மழை கூடாது. சகலையின் பாத்திகளில் இன்னொன்றும் கூடாது: சகலை. அவர் வரப்பில் வருவது தெரிந்தாலே உப்பு வாரும் பெண்கள் பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள்.

"மொதலாளி, போயி ஒரு டீ சாப்டு வாங்க. நாங்க பாத்துக்கறோம்."

"இப்பத்தான குடிச்சேன்."

"இன்னொன்னு குடிங்க. ஒடம்புக்கு நல்லது."

இப்போது குத்தகையை விட்டுவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். அந்த அபார்ட்மெண்டில் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை என்று மகள் சொல்கிறாள். ரிப்பேர்காரர் வரும் நாட்களில் மட்டும்தான் பழுதாகிறதாம். எனக்கு ஆச்சரியமில்லை.

ஒரு புயலில் என் கடைக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறியது. நான் ஜெராக்ஸ் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீந்தத் தெரியாத குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தேன். ஊரே அவரவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கொட்டுகிற மழையில் முதல் ஆளாக வந்து நின்றவர் சகலை. "அப்பிடி இல்லப்பா, இங்க குடு" என்று மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு, பலகையும் பாம்பும் மிதக்கிற தண்ணீரில் பள்ளிக்கூட மாடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். மெஷின் பிழைத்தது. இறக்கி வைக்கும்போதுதான் கீழே போட்டார். அன்றிலிருந்து என் கடை ஜெராக்ஸ் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கோடு விழுகிறது. திண்டிவனம் ஆபீஸ்களில், "மரக்காணமா?" என்று கோட்டைப் பார்த்தே கேட்கிறார்கள். மெஷினை மாற்றிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

இவரோடு பயணம் போவது பற்றிச் சொல்ல வேண்டும். மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். சகலையின் வண்டியில் போனால் காலையில் கிளம்பி சாயங்காலம் சேரலாம். கீழ்புத்துப்பட்டில் யாரோ பந்தல் போடுவார்கள், இறங்குவார். பொம்மையார்பாளையத்தில் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுவார். அவர் கை வைத்தால் படகு வந்த வழியே போகும். ஒருமுறை கண் டாக்டரிடம் அவருக்குத் துணையாகப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அன்றைக்கு மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். ஆக, சகலையின் கணக்கில் தூரத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது. வழியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் தூரம்.

அந்தத் தூரத்தில் அவர் ஒரு விஷயத்தைத் தவறவிட்டிருக்கிறார். அவருக்கு ஒரே தங்கை, கன்னியாஸ்திரி. அந்தத் தங்கை திருச்சியில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து மடத்தில் துறவியான நாளில் குடும்பமே முந்தின நாளே போய்விட்டது. தங்கை கழுத்தில் போட வேண்டிய மாலையைப் பெரிய கடையில் சொல்லிவைத்து, அதை வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பு மட்டும் சகலைக்கு. வழியில் ஒரு வைக்கோல் லாரி சாய்ந்து நின்றிருந்தது. இறங்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலை கீரைக்கட்டு மாதிரி தொங்கியதாம். தங்கை அதை வாங்கி அண்ணன் கழுத்திலேயே போட்டு, "நீ வந்ததே போதும்ணா" என்று சிரித்தாராம்.

இதைச் சகலை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வைக்கோல் தலையில் விழுந்த இடத்தில் சத்தமாகச் சிரிப்பார். மாலை இடம் வந்ததும் எழுந்து எதையாவது சரிசெய்யப் போய்விடுவார்.

தங்கை பிறகு உகாண்டாவுக்குப் போனார். அங்கே மேற்குக் கோடியில் ஒரு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தும் கான்வென்ட். ஒருநாள் வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது. "அண்ணா, எனக்கு வெள்ளி விழா பூசை வெக்கிறாங்க. டிக்கெட் மடத்துலயே போட்டுத் தர்றாங்க. இந்தத் தடவையாவது பூசைக்கு வா. சாப்பாட்டுக்கு வராத."

சகலை அந்தக் குரலை மூன்று தடவை கேட்டார். நான்காம் தடவை என்னிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார்.

அண்ணி, அதாவது சகலையின் மனைவி, விமானத்தில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். "மேகத்துக்கு மேல போற வண்டியில எல்லாம் நமக்கு என்னா வேலை? தம்பி, நீங்க போங்க. அவரு கையப் புடிச்சிக்கங்க. பூச முடியற வரைக்கும் அந்தக் கை எதுலயும் படாம பாத்துக்கங்க. அது போதும்."

"இவரையா அனுப்பற?" என்றாள் என் மனைவி. "எதிர்வூட்டு நாய்க்கு பயந்து மூனு தெரு சுத்திக் கடைக்குப் போறவரையா?"

அந்த ஒரு வார்த்தையால் நான் ஒப்புக்கொண்டேன். வீரம் எனக்கு எப்போதும் அவமானத்தின் வழியாகத்தான் வரும். கான்வென்டுக்குப் போகிறோம், பூசை பார்க்கிறோம், கேக் சாப்பிடுகிறோம், வருகிறோம் என்று நினைத்திருந்தேன். அடுத்த குரல் வந்தது. "பக்கத்துலயே பெரிய காடு இருக்குது. இவ்ளோ தூரம் வர்றீங்க, சஃபாரி போயி சிங்கம் பாக்காம எப்பிடி? எத்தன நாளுன்னு நீங்களே பிளான் பண்ணிச் சொல்லுங்க."

அன்றிலிருந்து என் கடை திட்டக் கமிஷனாகிவிட்டது. கம்ப்யூட்டரில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே புத்திமதி. அவசரப்படாதீர்கள். காடு காடாக ஓடாதீர்கள். ஒரே காட்டில் இரண்டு மூன்று இரவாவது தங்குங்கள். விடியலில் ஒருமுறை, வெயில் தாழ ஒருமுறை போங்கள், நடுவில் படுத்துத் தூங்குங்கள். வாசித்துக்கொண்டே இருக்கும்போது சகலையின் கை நீண்டது.

"அப்பிடி இல்லப்பா. பேனாவ இங்க குடு."

சகலைக்குத் தெரிந்த சுற்றுலா ஒன்றே ஒன்றுதான். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருஷா வருஷம் கிளம்பும் வேளாங்கண்ணி வேன். விடிகாலையில் ஏறினால் பூண்டி, அங்கே ஒரு கும்பிடு, ஏறு. இன்னொரு கோயில், ஒரு கும்பிடு, ஒரு ஒன்னுக்கு, ஏறு. புளிசாதம், ஏறு. அதே கணக்கில் ஆப்பிரிக்காவை எழுதினார்.

"காலையில ஆறு மணி சிங்கம். ஏழரைக்கு டிபன். எட்டு மணி யானை. ஒம்போதரை ஒட்டகச்சிவிங்கி, அது உயரமா இருக்கறதால வண்டியில இருந்தே பாத்துக்கலாம், எறங்க வேணாம். பதினொன்னுக்கு அடுத்த காடு."

"ஆறு மணிக்குச் சிங்கம் அங்க இல்லன்னா, சகல?"

"எங்க போயிடும்? அதுக்கு வேற என்னா வேல?"

ஒரு வாரத்தில் ஐந்து காடு, நடுவில் ஒரு மலை. கொரில்லாவை வரும் வழியில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

என் திட்டம் வேறு. அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. அரை நாள், கண்ணாடியை ஏற்றிய வண்டி, முடிந்தால் மத்தியானம், ஏனென்றால் அந்த நேரம் சிங்கம் தூங்கும் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. கரண்ட் பில் கணக்கில் அரை யூனிட்.

தங்கை கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணா, இது வேளாங்கண்ணி வேன் இல்ல. கோயில் அங்கயே நிக்கும், சிங்கம் நிக்காது. ஒரே எடத்துல இருந்து தெனமும் போயிப் பாக்கணும். அதுவா வந்தாத்தான் உண்டு."

சண்டை அண்ணியிடம் தீர்ப்புக்குப் போனது. அண்ணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, சகலையின் கைக்கு எட்டாத தூரம்தானா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாள் எத்தன வேணா வெச்சிக்கங்க. அந்தக் காட்டுக்குள்ள ஆளுங்க யாராவது வேல செய்வாங்களா?"

"காட்டுக்குள்ள யாரு அண்ணி வேல செய்யப் போறாங்க? மிருகந்தான்."

"அப்ப அங்கயே வெச்சிக்குங்க அவர. பூசைக்கு நேரா கூட்டிட்டுப் போயிடுங்க."

எனக்குத் தலையில் மின்னல் அடித்தது. மனிதர்களே எந்த வேலையும் செய்யாத இடம் பூமியில் ஒன்று உண்டென்றால் அது சிங்கம் இருக்கிற காடு. சகலையின் கைக்கு அங்கே தீனி கிடையாது. ஊர்களின் வழியே ஓடினால் ஆயிரம் நிறுத்தம், பூசை போச்சு. காட்டில் அதிக நாள் இருந்தால் பூசைக்கு நேரத்தோடு போகலாம், ஆனால் நான் போச்சு. சிங்கக் கணக்குப்படி நாளைக் குறைக்க வேண்டும். சகலைக் கணக்குப்படி நாளைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று இரவு என்று முடிவு செய்தபோது, என் உயில் பற்றியும் லேசாக யோசித்தேன். உயிலில் எழுத அந்த மெஷினைத் தவிர ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடச் சென்னைக்குப் போனோம். எனக்குப் போட்டு முடித்த நர்ஸ் சகலையின் பக்கம் திரும்பினார். சகலை சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஊசியைப் பார்த்தார். நான் பாய்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்காளு சின்னப்புள்ள மாதிரி பயப்படுறாரே" என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். குடும்ப மானத்துக்காகத் தலையாட்டினேன்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து மேற்கே ஒரு பகல் முழுக்க ரோடு. கான்வென்ட் அனுப்பிய வண்டி, அமைதியான ஓட்டுநர், கொஞ்சமாக இங்கிலீஷ் பேசுவார். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும், கர்த்தரே, ஒரு தேசமே வேலை செய்துகொண்டிருந்தது! செங்கல் அடுக்கினார்கள். சைக்கிளில் வாழைத்தார் கட்டினார்கள். தெருவோரத்தில் கல்லைப் போட்டுச் சப்பாத்தி சுட்டார்கள். நான் இரண்டு கையாலும் சகலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்னுக்குப் போக வேண்டும் என்றார், விட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு சைக்கிள்காரரின் வாழைத்தாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சகலை புதிதாகக் கட்டிக் கொடுத்ததும் சைக்கிள் முன்சக்கரத்தைத் தூக்கிக் கும்பிட்டது. காட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. நசுங்கிய பழத்துக்குக் காசு கொடுத்ததில் பாதித் தார் எங்கள் வண்டியில் இருந்தது.

மறுநாள் காலை கிளம்பும் முன் ஓட்டுநர் சட்டங்களைச் சொன்னார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எந்த மிருகம் முன்னால் வந்தாலும் ஓடக் கூடாது. "நோ ரன். யூ ரன், தே கம்." நான் மனப்பாடம் செய்தேன். சந்தேகத்துக்கு, அவசரமென்றால் மரத்தில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இந்தப் பக்கத்துச் சிங்கங்கள் மரம் ஏறும் என்றார், ரொம்பப் பெருமையாக. வேறு எங்கும் அவ்வளவாக ஏறாதாம், இங்கேதான் விசேஷமாம். என் கரண்ட் மீட்டர் வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

சிங்கம் வரவில்லை. மான் வந்தது, எருமை வந்தது, நீரில் பாதி முங்கிய நீர்யானைகள் எங்களைக் கடன்காரர்களைப் போலப் பார்த்தன. ஒரு ஏரியில் பூநாரைகள் நின்றன. ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கையால் காட்டினார். "இது நம்ம கழுவெளி ஏரிக்கு வர்றதுதான?" என்றார் சகலை. "இதப் பாக்கவா ஊசி போட்டுட்டு வந்தோம்?"

அண்ணி சொன்னது சரியாக இருந்தது. காட்டுக்குள் சகலையின் கை மடியில் கிடந்தது. ஒரே ஒருமுறை ஸ்டீயரிங் பக்கம் போனது, ஓட்டுநர் அதை மரியாதையாக எடுத்து அவர் மடியிலேயே திரும்ப வைத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் விபரீதம். ஒரு பெரிய கொம்பன் யானை, மரம் ஒன்றைச் சாய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியை வைத்துத் தள்ளியது, மரம் அசையவில்லை. சகலை கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு துடித்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். வாயைப் பிடிக்க மறந்துவிட்டேன்.

"அப்பிடி இல்லப்பா!" என்று கூரைத் திறப்பு வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "கீழ இருந்து தள்ளு! கீழ இருந்து!"

யானை தள்ளுவதை நிறுத்தியது. திரும்பியது. காது இரண்டும் முறம் மாதிரி விரிந்தன. ஓட்டுநர் வண்டியைப் பின்பக்கமாகவே, நான் முன்பக்கமாகக்கூடப் போகத் துணியாத வேகத்தில் ஓட்டினார். நான் சீட்டுக்கு அடியில் இருந்ததால் மீதியைப் பார்க்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தில் பாதியும் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் சொல்லியது நினைவிருக்கிறது. வண்டி நின்றதும் சகலை குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, அங்க என்னா தேடுற?"

"செருப்பு, சகல."

பூசை நாள் வந்தது. பூசை மாலை நாலு மணிக்கு. காலையில் கடைசியாக ஒருமுறை சிங்கத்துக்குக் காத்திருந்தோம், வரவில்லை. எனக்குள் நிம்மதி, முகத்தில் ஏமாற்றம். கான்வென்டுக்குத் திரும்பினோம். சகலையின் மடியில் ஒரு டப்பா, அதற்குள் சந்தன மாலை. பூமாலை வாடும் என்று பாண்டிச்சேரியில் தேடி வாங்கியது. ஊரிலிருந்து அதை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. நேரம் நிறைய இருந்தது, வழியில் ஊர்களும் அதிகமில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வண்டி ஒரு வளைவில் வேகம் குறைத்துத் திரும்பியது. கீழே ஒரு பள்ளத்தில் சாம்பல் நிற ஏரி. கரையெல்லாம் பாத்தி பாத்தியாகப் பிரித்து, வரப்புக் கட்டி, தண்ணீருக்குள் நின்று பெண்கள் எதையோ வாரிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக.

உப்பு.

கடலே இல்லாத தேசத்தில், சிங்கக் காட்டின் வாசலில், மரக்காணத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் சகலையைப் பிடிக்கத் திரும்பியபோது டப்பா சீட்டில் இருந்தது, கதவு திறந்திருந்தது.

நான் இறங்கி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு பாத்திக்குள் நின்றார். முன்னால் ஒரு உயரமான அம்மா, தலையில் துணி, கையில் உப்பு வாரும் தட்டு. சகலையின் கை நீண்டது. "அப்பிடி இல்லம்மா. இங்க குடு." அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

"சகல, பூசை!" என்று கரையிலிருந்து கத்தினேன். "வைக்கோல் லாரிய நெனச்சுக்கங்க!"

அவர் காதில் விழவில்லை. ஒரு வாரு வாரினார். இரண்டாவது வாரினார். சேறுதான் வந்தது. மூன்றாவதற்குக் குனிந்தபோது அந்த அம்மாவின் வலது கை நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் லேசாக மடங்கி. அந்தக் கை நீண்ட விதம் எனக்கு ரொம்பக் காலமாகத் தெரியும். அந்த அம்மா தன் பாஷையில் என்ன சொன்னார் என்று புரியவில்லை. ஆனால் என்ன சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

சகலை தட்டைக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. குனிந்து, இவர் கோணலாகச் சுருட்டியிருந்த பேன்ட்டை அவிழ்த்து, ஒழுங்காக மறுபடி சுருட்டிவிட்டார். தொப்பியை நேராக்கினார். தோளைப் பிடித்துத் திருப்பி, வரப்பில் எந்த இடத்தில் கால் வைத்து ஏற வேண்டும் என்று காட்டினார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். சகலை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளையைப் போல ஏறி வந்தார்.

"போலாம்பா" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வண்டியில் ஏறியதும் சகலை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நான் அப்பிடியா பண்றேன்?"

"இல்ல சகல."

"பொய் சொல்லாத."

"ஆமா சகல."

"ஒரு மாதிரியாத்தான் இருக்குது" என்றார், சேறு காய்ந்த கையைப் பார்த்தபடி. "ஆனா பேன்ட்ட நல்லாத்தான் சுருட்டி வுட்டுது அந்தம்மா."

கான்வென்ட் வாசலில் தங்கை நின்றிருந்தார். அண்ணனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். "அண்ணா, வந்துட்டியா? இல்ல, இன்னும் வழியில நின்னுட்டு இருக்கியா?" என்று அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். பூசை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. குளித்து, சட்டை மாற்றி, சகலை கோயில் வாசலில் போய் நின்றார். அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டார். மாலை டப்பா வண்டியிலேயே இருந்தது. முதல் மணி அடித்துவிட்டார்கள்.

"நீங்க உள்ள போங்க. நான் கொண்டாறேன்" என்றேன். காடு முடிந்துவிட்டது. சிங்கம் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் இருந்ததில்லை. வண்டிக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு, குறுக்குவழியாகக் கான்வென்ட் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அங்கே வெள்ளையாக நாலைந்து பெரிய வாத்துகள், நம்மூரில் பண்ணை வீடுகளில் காவலுக்கு வளர்ப்பார்களே, அந்த ஜாதி. ஒன்று கழுத்தை நீட்டிச் சீறியது.

அத்தனை நாள் மனப்பாடம் செய்த சட்டம் ஒரு நொடியில் மறந்துபோனது. ஓடினேன்.

"ஓடாதப்பா! ஓடுனாத் தொரத்தும்!" என்று கோயில் படியிலிருந்து சகலை கத்தியது கேட்டது. கேட்டபடியே ஓடினேன். அவர்கள் பூசைக்கு அலங்காரம் செய்து வைத்திருந்த வாழைக்கன்றோடு போய் விழுந்தபோது, பின்பக்கத்தில் பிடித்துவிட்டது. டப்பாவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

சகலை ஓடி வந்தார். ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தார், என்னைக் குப்புறத் திருப்பினார், பஞ்சை எடுத்தார். இரண்டாவது மணி அடித்தது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். சகலையின் வலது கை நீண்டுகொண்டிருந்தது. பஞ்சை நோக்கி. வாய் திறந்தது. "அப்பிடி இ..."

கை அந்தரத்தில் நின்றது. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. சகலை அந்தக் கையைப் பார்த்தார், யாருடைய கையோ மாதிரி. பிறகு அதைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"மாலைய இங்க குடு" என்றார்.

கொடுத்தேன். போய்விட்டார்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். சகலை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பூசை முழுக்க வலது கையின்மேல் இடது கையை வைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோது எழுந்துபோய்த் தங்கை கழுத்தில் மாலையைப் போட்டார். நான் ஆஸ்பத்திரி அறையில் குப்புறப் படுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சிங்கத்தை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. சகலை பூசைக்கு நேரத்தோடு போனார். நான் போகவில்லை, என்னை வாத்து கடித்துவிட்டது.